உரத்தோடு வயலுக்குப் போகும் குளோரின்: கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நாகர்கோவில் மாநகராட்சி, நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சி ஒன்றியங்களின் அலுவலர்களுக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வேளாண்மைத் துறை, தோட்டக்கலைத் துறை ஆகியவற்றின் மாவட்ட அலுவலர்களுக்கும்:

வணக்கம்.

நம் மாவட்டத்தில் சேரும் மக்கும் குப்பை உரமாகித் தோப்புக்கும் விளைக்கும் திரும்ப வேண்டும். இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்து மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டு போகும் ஊர் இது. விளவங்கோட்டுச் சரளை மண்ணோ குளச்சல் பக்கத்து மணலோ, மக்கு சேராவிட்டால் எதையும் பிடித்து வைக்காது. ஆகவே மக்கும் குப்பையை உள்ளூரிலேயே உரமாக்கும் நுண்உர மையங்களை மூடச் சொல்லி இதை எழுதவில்லை. அந்த உரத்தோடு போகக்கூடாத ஒரு சரக்கும் மண்ணுக்குள் போவதற்கு நான்கைந்து வழிகள் திறந்து கிடக்கின்றன. அவற்றை அடைக்கச் சொல்லி எழுதுகிறோம். பெரும்பாலான வழிகளை அடைக்கப் பணம்கூட வேண்டாம். ஓர் உத்தரவும் வாசலில் நின்று பார்க்க ஓர் ஆளும் போதும்.

அந்தச் சரக்கு, கரியணுவோடு பிணைந்த குளோரின். உப்பிலிருக்கும் குளோரைடு வேறு, இது வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கூட்டங்களில் இரண்டும் ஒன்றாகக் குழம்புகின்றன. மீன் கழிவிலும் கதம்பையிலும் (தேங்காய் மட்டை) குளோரைடு உண்டு. தென்னை அதை விரும்பி எடுக்கும் மரம். அது கூடினால் உரத்தின் மின்கடத்துதிறன் உயரும், நாற்று கருகும், ஒரு மழைக்குக் கழுவிக்கொண்டு போய்விடும். கரியோடு பிணைந்த குளோரின் அப்படிப் போகாது. குளோரின் உள்ள குப்பை எரியும்போது உருவாகும் டயாக்சின், ஃபியூரான், பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி, ஹெக்சாகுளோரோபென்சீன், பழைய டிடிடி எல்லாம் இந்தக் குடும்பம். தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் கரைபவை இவை. டயாக்சின், ஃபியூரான் இரண்டிலுமாக 210 வகைகள் உண்டு; அவற்றில் 17 கடும் நச்சு. மிகக் கொடிய வகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. அது மனித உடலுக்குள் போனால் பாதியாகக் குறையவே ஏழு முதல் பதினோரு ஆண்டுகள் ஆகும்.

இப்போது உரத்துக்கான தர அட்டவணையைப் பாருங்கள். உரக்கட்டுப்பாட்டு ஆணை 1985, நகரக் கம்போஸ்டுக்கு ஈரம் 15 முதல் 25 சதவீதம், கார அமில நிலை 6.5 முதல் 7.5, கரிமக் கரி குறைந்தது 12 சதவீதம், மின்கடத்துதிறன் 4க்குள், 90 சதவீதம் 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்கிறது. ஆர்செனிக், காட்மியம், குரோமியம், செம்பு, பாதரசம், நிக்கல், ஈயம், துத்தநாகம் என எட்டு உலோகங்களுக்கும் வரம்பு உண்டு. குளோரின் ஏறிய கரிமப் பொருள் ஒன்றுக்குக்கூட அதில் வரம்பு இல்லை. எனவே "ஆய்வில் தேறிய உரம்" என்ற சான்றிதழ் இந்த விஷயத்தில் ஒன்றுமே சொல்வதில்லை. கேட்காத கேள்விக்கு ஆய்வகம் பதில் தராது.

சூடு ஏறுகிறதே, அதில் எல்லாம் அழிந்துவிடாதா என்று கேட்கிறார்கள். குவியலின் நடுவில் 55 பாகை செல்சியஸ் 15 நாள் நின்று, அதற்குள் ஐந்து முறை புரட்டிவிட்டால் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். டயாக்சினை உடைக்க 850 பாகைக்கு மேல் இரண்டு விநாடி வேண்டும். 55 எங்கே, 850 எங்கே. அதிலும் ஒரு பாதகம் உண்டு. மக்கும்போது கரியும் நீரும் ஆவியாகிப் போகின்றன, குப்பையின் உலர் எடை ஏறக்குறையப் பாதியாகிறது, டயாக்சின் மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. உலர்ந்த குப்பையில் கிலோவுக்கு 8 நானோகிராம் இருந்தால் உரத்தில் 16 ஆகும். இது வெறும் வகுத்தல் கணக்கு. (நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.)

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாக் குளோரின் சேர்மமும் இப்படிப் பிடிவாதமாக நிற்பதில்லை. வயலில் தெளித்த 2,4-டி களைக்கொல்லி நன்றாகச் சூடேறிய குவியலில் பெரும்பாலும் சிதைந்துவிடும். வாழையில் கூன்வண்டுக்கு அடித்த குளோர்பைரிபாஸும் வாரக்கணக்கில் குறையும். ஆனால் அது உடைந்து வரும் பொருள் நுண்ணுயிர்களைத் தடுப்பது, அதனால்தான் மருந்தடித்த வாழைத்தடை (வாழை மரத்தின் தண்டு) அதிகம் போட்ட குவியல் சில நேரம் சூடேறாமல் மந்தமாகக் கிடக்கிறது. அப்படிப்பட்ட தடையை ஒரு மாதம் தனியே காயப் போட்டுவிட்டுச் சேர்த்தால் தீர்ந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

பேச வேண்டியது பிளீச்சிங் பவுடரைப் பற்றி.

திருவிழா, கொடை, பெரியவர்கள் வருகை என்றால் குப்பைத் தொட்டியைச் சுற்றியும் சந்தைக் குப்பை மேலும் வெள்ளையாகத் தூவிவிடுவது நெடுநாள் வழக்கம். பார்க்கச் சுத்தமாகத் தெரியும், வாடை ஒரு மணி நேரம் அடங்கும். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் செயல்படும் குளோரின் உண்டு. ஈரக் குப்பை மேல் விழுந்த சில நிமிடங்களில் அது மேல் அடுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகிறது; ஒரு சாண் ஆழத்திலிருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை. தீர்ந்துபோகும் அந்தக் குளோரின் எங்கே போகிறது? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமீன் புகையாகிறது, அதைச் சுவாசிப்பவர் அங்கே நிற்கும் தூய்மைப் பணியாளர். புளித்த பழச்சாறு இருந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். நம் ஊர்க் குப்பையில் கதம்பை, நார்த்தூள், வாழை, இலைச்சருகு ஆகியவை அதிகம். இவற்றில் பீனால் வகைப் பொருட்கள் நிறைய. பீனாலும் குளோரினும் சேர்ந்தால் குளோரோபீனால். டயாக்சின் உருவாவதற்கான மூலப்பொருட்களில் அதுவும் ஒன்று. அந்தக் குப்பை உரக்குழிக்குப் போனாலும் கெடுதல், எரிந்தாலும் கெடுதல். உர வேலை செய்ய வேண்டிய நுண்ணுயிரும் மேலடுக்கில் செத்துப்போகிறது.

வாடைக்கு வேறு வழி இருக்கிறது. வடசேரிச் சந்தையானாலும் குளச்சல், தேங்காப்பட்டணம் மீன் இறங்குதளமானாலும், மீன் கழிவு ஒரு பங்குக்கு நார்த்தூளோ காய்ந்த சருகோ மூன்று பங்கு கொள்ளளவில் எடுத்து, கழிவைக் குவியலின் நடுவில் வைத்து, மேலே 15 முதல் 20 சென்டிமீட்டர் பழைய உரத்தால் மூடினால் ஈயும் வராது, வாடையும் வராது. குவியல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குள் இருக்கட்டும். கையில் பிடித்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு மட்டும் வடிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், அப்போதுதான் நாறும். தரைக்குக் கிருமிநாசினி வேண்டும் என்றால் குப்பையை முழுதாக வாரி, சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, அதன்பின் 10 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து சுத்தமான தரையில் ஊற்றுங்கள். அந்த நீர் உரக்குழிக்கோ கசிவுநீர்த் தொட்டிக்கோ போகக்கூடாது. குப்பை மேல் தூவுவதை மாவட்டம் முழுவதும் நிறுத்த ஒரு சுற்றறிக்கை போதும். எங்கள் கோரிக்கைகளில் மிக மலிவானது இதுதான்.

அடுத்தது பிவிசி. இதன் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். குழாய், ஒயர் உறை, ரெக்சின், மலிவு விலைச் செருப்பு, மழைக்கோட்டு, மாத்திரை அட்டை, பிளக்ஸ் பேனர் எல்லாம் இதில் அடங்கும். கெட்டியான குழாய்த்துண்டு உரத்தில் கிடந்தால் அதிலிருந்து குளோரின் கரைந்து வராது, உண்மை. மென்மையான பிவிசி அப்படியல்ல. அதை வளைக்க மலிவான குளோரினேற்றிய பாரஃபின் எண்ணெய் சேர்ப்பது உண்டு. அது பிளாஸ்டிக்கோடு வேதிமுறையில் பிணைந்திராததால் மெல்லக் கசியும். அதில் குறுஞ்சங்கிலி வகையை, நெடுங்காலம் அழியாத நச்சுகளைத் தடுக்க உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2017இல் சேர்த்தார்கள். இந்தியா 2006இல் ஏற்ற உடன்படிக்கைதான் அது. ஈயம் கலந்த நிலைப்படுத்திகளும் பிவிசியில் உண்டு. உர ஆய்வில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் பெயிண்டையும் பேட்டரியையும் மட்டும் சந்தேகிக்காமல் பிவிசியையும் தேடுங்கள்.

நுண்உர மையத்தில் இது நுழையும் இடம் அரைவை எந்திரம். குப்பையைப் பிரிக்காமல் முதலில் அரைத்துவிட்டுப் பிறகு சலித்தால், செருப்புத் துண்டும் மாத்திரை அட்டையும் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்ச் சல்லடையில் உரத்தோடு இறங்கிவிடும். பிறகு எந்தக் கையாலும் பொறுக்க முடியாது. தரச் சல்லடையே அப்போது மாசுக்கு வாசலாகிறது. பிரிப்பு முதலில், அரைவை பிறகு. இந்த வரிசை மாறவே கூடாது. தோவாளையிலிருந்து கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் போய்த் திரும்பும் மாலைகளில் ஜிகினாத் தாளும் பிளாஸ்டிக் நாரும் உண்டு. பூவை உதிர்த்து எடுத்துவிட்டு மீதியைத் தனியே போட வேண்டும். தீபாவளி, கிறிஸ்துமஸ் கழித்து வரும் வெடித்தாளையும் வண்ண மத்தாப்புச் சாம்பலையும் உரத்தில் சேர்க்கவே வேண்டாம். வண்ணத்துக்காகக் குளோரின் தரும் பொருட்கள் அவற்றில் கலக்கப்படுகின்றன.

எது பிவிசி என்று தெரியாமல் பணியாளர் எப்படிப் பிரிப்பார்? கற்றுக்கொடுக்கக் கால் மணி நேரம் போதும். ஒரு வாளித் தண்ணீரில் துண்டைப் போடுங்கள். பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், பிவிசியும் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கும் மூழ்கும். மூழ்கியதைப் பிரிக்க ஒரு சாண் நீளக் கனத்த செம்புக்கம்பி, அதற்கு மரப்பிடி, ஒரு சின்ன கேஸ் டார்ச். கம்பி முனையை நீலச் சுடரில் காய்ச்ச வேண்டும். சுடரில் நிறம் எதுவும் தெரியாத வரை காய்ச்ச வேண்டும். சிவந்த முனையால் பிளாஸ்டிக்கைத் தொட்டால் அரிசி அளவு உருகி ஒட்டும். அதை மறுபடி சுடரில் காட்டினால், பிவிசி என்றால் பளிச்சென்று பச்சைச் சுடர் எழும். பாட்டில் பிளாஸ்டிக் என்றால் வெறும் மஞ்சள். மீன் சந்தையிலிருந்து வந்த துண்டை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டே சோதியுங்கள், உப்பும் பச்சை காட்டி ஏமாற்றும். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, அரிசி அளவுக்கு மேல் போகாமல் செய்ய வேண்டும். ஒரு வாரம் செய்தால் பிறகு சோதனையே வேண்டாம். தொட்டாலே விரலுக்குத் தெரிந்துவிடும்.

பிரித்த பிவிசியை எரிபொருளாக அனுப்பும் மூட்டைகளில் கலக்காதீர்கள். சிமென்ட் ஆலைகள் குளோரின் கூடிய குப்பையை விரும்புவதில்லை, சூளைக்குள் உப்புப் படிவு கட்டிவிடும். குழாய்த்துண்டுக்கு மறுசுழற்சி உண்டு. பிளக்ஸைப் பொறுத்தவரை, 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. அதை நம் சாலை முக்குகளில் நடைமுறைப்படுத்தினாலே வரத்து குறையும் என்பது எங்கள் மதிப்பீடு.

மூன்றாவது வழி நம் மாவட்டத்துக்கே உரியது: ரப்பர் மரத்தூள். ஈரம் கூடிய குவியலில் காற்றோட்டத்துக்காக மரத்தூள் சேர்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ரப்பர் தடி வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூஞ்சை பிடிக்கும், துளைவண்டு ஏறும். அதைத் தடுக்கப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலோடு சோடியம் பென்டாகுளோரோபீனேட் சேர்த்து மரத்தை ஊற வைப்பது இந்தத் தொழிலில் நெடுங்காலம் இருந்த முறை. பென்டாகுளோரோபீனாலையும் அதன் உப்புகளையும் 2015இல் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்த்தார்கள். அதைத் தயாரிக்கும்போதே டயாக்சின் கலந்துவிடுகிறது. உரக்குவியலில் நுண்ணுயிர்கள் சுரக்கும் பெராக்சிடேஸ் நொதிகள் மீந்த குளோரோபீனாலை இரண்டிரண்டாக இணைத்து, ஏழெட்டுக் குளோரின் கொண்ட டயாக்சின்களாக மாற்றவும் முடியும். நெருப்பே இல்லாமல் டயாக்சின் உருவாகும் அபூர்வ வழி இது. ஆகவே ஒரே விதி: மருந்தில் ஊறுவதற்கு முன் அறுத்த பச்சைத் தடியின் தூள் உரத்துக்கு ஆகும், ஊறிய மரத்தை இழைத்த தூள், பிளைவுட் தூள், பழைய வீட்டு மரத்தின் தூள் ஆகாது. போரான் மருந்து மட்டும் போட்ட மரத்தூளும் பயிருக்கு நல்லதல்ல, இலை நுனி கருகும். மரத்தூள் தரும் மில்லிடம் என்ன மருந்து, எந்தக் கட்டத்தில் என்று எழுதி வாங்கி மையத்தின் பதிவேட்டில் ஒட்டுங்கள். சந்தேகம் என்றால் நார்த்தூள் இருக்கவே இருக்கிறது. அது நம்மிடம் குறைவில்லை.

நெருப்புக்கு வருகிறோம். பிவிசியிலிருந்து குளோரின், ஒயரிலிருந்து செம்பு, 200 முதல் 450 பாகைக்குள் புகைந்துகொண்டிருக்கும் சாம்பல். டயாக்சின் உருவாக இந்த மூன்றும் போதும், செம்பு அதில் வினையூக்கி. பெருந்தீயைவிட அணைந்தும் அணையாமலும் புகையும் தீயே இதில் மோசம். குப்பை எரிக்கும் ஆலைக்கு 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் 950 பாகை வெப்பம், இரண்டு விநாடி தங்குநேரம், புகையில் கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் டயாக்சின் என்று வரம்பு வைத்தன. தெருமுனையில் எரிக்கும் குப்பைக்கு எந்தப் புகைபோக்கியும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வீட்டுக் குப்பையைப் பீப்பாயில் எரித்து அளந்தபோது, இரண்டு முதல் நாற்பது வீடுகள் வரை எரித்தாலே, நாளுக்கு 200 டன் எரிக்கும் நவீன ஆலையின் அளவு டயாக்சின் வரலாம் என்று தெரிந்தது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவைச் செம்புக்காக ஒயர் எரிக்கும் ஆக்கர் கடைகளில் (பழைய பொருள் வாங்கும் கடைகள்) முதலில் செயல்படுத்துங்கள். செம்பும் பிவிசியும் ஒரே நெருப்பில் சேரும் இடம் அதுதான். ஒயர் உரிக்கும் சிறு எந்திரம் கையால் சுற்றுவதாகவே கிடைக்கிறது. சங்கங்கள் வழியாக அதைக் கடைகளுக்குக் கொடுத்தால் எரிக்க வேண்டிய காரணமே போய்விடும்.

எரித்த சாம்பல் கடைசியில் எங்கே போகிறது என்று பாருங்கள். அடுப்புச் சாம்பலை உரக்குழியில் போடுவது நம் பாட்டன் காலத்துப் பழக்கம், விறகு மட்டும் எரிந்த சாம்பல் நல்ல பொட்டாஷ் உரம். அதே பழக்கத்தில் பிளாஸ்டிக்கும் சேர்த்து எரித்த தெருச்சாம்பலும் குழிக்குப் போகிறது. டயாக்சின் புகையில் போவது பாதி என்றால், சாம்பலிலும் கரியிலும் ஒட்டித் தங்குவதும் உண்டு. நுண்உர மையங்கள் எந்தச் சாம்பலையும் வாங்கக்கூடாது. வீட்டு விறகுச் சாம்பல் வீட்டுத் தென்னைக்கே போகட்டும்.

இனி எங்களை மிகவும் கவலைப்படுத்துவது. நாகர்கோவில் வலம்புரிவிளையில் பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்டு, பல முறை தீப்பிடித்துப் புகைந்திருக்கிறது. ஊரார் அதை உரக்கிடங்கு என்றே அழைக்கிறார்கள். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் உயிரி அகழ்வில், மேலே நிற்பது பிளாஸ்டிக்கும் துணியும். கீழே இறங்குவது கருப்பான பொடிமண். பார்க்க அசல் உரம் போல இருக்கும், மணம்கூட மண்வாசனை. அந்தத் தோற்றம்தான் ஆபத்து. அது மக்கிய இலையல்ல. இருபது முப்பது ஆண்டு பேட்டரி, டியூப்லைட், பெயிண்ட், பூச்சிமருந்துப் புட்டி, எரிந்த பிவிசி ஆகியவற்றின் சாம்பல் கலந்த மண். பிளாஸ்டிக்கைச் சல்லடை பிரித்துவிடும். டயாக்சினோ பொடியான துகளில் ஒட்டியிருப்பது, அது கீழேதான் இறங்கும். எந்தக் குப்பைமேட்டின் பொடிமண்ணையும் டயாக்சின், பிசிபி, எட்டு உலோகம் மூன்றும் பார்க்காமல் விளைநிலத்துக்கோ தென்னந்தோப்புக்கோ பூங்காவுக்கோ பள்ளி மைதானத்துக்கோ அனுப்பக்கூடாது. உரம் என்ற பெயரில் இலவசமாகக்கூடக் கொடுக்கக்கூடாது.

அளவு எவ்வளவு என்பதில் மிகைப்படுத்த விரும்பவில்லை, கணக்கைக் காட்டுகிறோம். கிலோவுக்கு 20 நானோகிராம் நச்சளவுச் சமனி (எல்லா வகைகளின் நச்சையும் மிகக் கொடிய வகையின் அளவாக மாற்றிக் கூட்டிய எண்) கொண்ட உரத்தை ஏக்கருக்கு 5 டன் போட்டால் மண்ணில் சேர்வது ஒரு லட்சம் நானோகிராம். ஏக்கரில் 15 சென்டிமீட்டர் மேல்மண் ஏறக்குறைய 8 லட்சம் கிலோ. ஓர் ஆண்டில் கிலோ மண்ணுக்குக் கூடுவது 0.125 நானோகிராம், இருபது ஆண்டில் 2.5. ஜெர்மனியில் எல்லாப் பயிருக்கும் தடையில்லாத மண் என்பது 5 நானோகிராமுக்குக் கீழ், அங்கே பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் கம்போஸ்டுக்கு வைத்த வழிகாட்டு அளவு 17. ஆக, சுமாரான உரத்தால் உடனே ஊர் பாழாகிவிடாது. ஆனால் திருப்பி எடுக்க முடியாத ஒன்று ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். குப்பைமேட்டு மண்ணைப் பள்ளம் நிரப்ப அரை அடி கனத்துக்குக் கொட்டினால் இந்தக் கணக்கே பொருந்தாது, அங்கே கலந்து நீர்த்துப்போக வேறு மண்ணே இல்லை. அதன் மேல் கோழி மேயும்.

கோழியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த நச்சுகள் பெரும்பாலான பயிர்களின் வேர் வழியே அதிகம் ஏறுவதில்லை. பூசணி இனம் ஒரு விதிவிலக்கு. மரச்சீனி (மரவள்ளி), சேனை போன்றவற்றில் பெரும்பகுதி தோலோடு போய்விடும். கீரையில் மழைத்துளி தெறித்து ஒட்டும் மண்தான் சிக்கல், நன்றாகக் கழுவ வேண்டும். ஆனால் கொத்தித் தின்னும் நாட்டுக்கோழியும் மேயும் மாடும் மண்ணையே தின்கின்றன. அது முட்டையின் மஞ்சளிலும் பாலின் கொழுப்பிலும் சேர்கிறது. சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டை ஒட்டி வாழ்ந்த தாய்மாரின் பாலில், தொலைவில் வாழ்ந்தவர்களைவிட டயாக்சின் கூடியிருந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். குப்பைமேட்டில் மேய்ந்த மாட்டின் பாலை அதற்கொரு வழியாகக் காட்டினார்கள். குப்பைக்கிடங்கின் வேலியை ஆடு மாடு நுழையாதபடி அடைப்பது அழகுக்கான வேலையல்ல.

கிடங்கில் தீப்பிடித்தால் மேலிருந்து தண்ணீர் மட்டும் அடித்து ஓயாதீர்கள். தண்ணீர் தனக்கொரு வழி கண்டு கீழே போய்விடும், உள்ளே புகைச்சல் தொடரும். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக்கிடங்குத் தீ நாட்கணக்கில் நீண்டது அதனால்தான். புகையும் பகுதியை எந்திரத்தால் வெட்டி எடுத்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி நனைத்து, ஆறியபின் ஓரடி மண் போட்டு மூட வேண்டும். அந்தக் கரிநீர் வாய்க்காலுக்கு இறங்காமல் அணை கட்டித் தேக்குங்கள். நாகர்கோவில் பக்கத்து நீர்வழிகள் பழையாற்றில் சேர்கின்றன, அந்தப் பக்கம்தான் 2022இல் ராம்சர் தளமாக (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்) அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் ஈரநிலங்கள்.

சோதனைக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில், களியக்காவிளை போகும் சாலையை ஒட்டியே, மத்திய அரசின் என்ஐஐஎஸ்டி ஆய்வகத்தில் டயாக்சின் ஆய்வுப் பிரிவு இருக்கிறது; பிரம்மபுரத்தையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். டயாக்சின் சோதனை செலவு கூடியது, அதனால் மாதிரியை ஒழுங்காக எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குவியலின் இருபது இடங்களில், மேல், நடு, அடி என மாற்றி மாற்றி, துருப்பிடிக்காத எஃகு கரண்டியால் இடத்துக்கு அரைக்கிலோ எடுங்கள். சுத்தமான எஃகுத் தட்டில் கலந்து, நான்காகப் பிரித்து எதிர் மூலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கிலோ ஆகும்வரை அதைத் திரும்பச் செய்யுங்கள். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் வைத்து, ஐஸ் பெட்டியில் இருட்டில் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் பை, பிவிசி கையுறை கூடாது. ஒரு வெற்றுப் புட்டியை அங்கேயே திறந்து மூடி உடன் அனுப்புங்கள், வழியில் மாசு ஏறியதா என்று அது காட்டும். மூன்று பங்காக்கி ஒன்றை ஆய்வகத்துக்கும், ஒன்றை உங்கள் அலுவலகத்திலும், ஒன்றை உழவர் தரப்பிலும் முத்திரையிட்டு வையுங்கள்.

முடிவை உலர் எடைக்கு, நச்சளவுச் சமனியாகக் கேளுங்கள். மொத்த எடையாகக் கேட்டால் எட்டுக் குளோரின் வகையே பெரிதாக நின்று பயமுறுத்தும். உலக சுகாதார நிறுவனத்தின் 2005 அட்டவணைப்படி அதன் நச்சு மிகக் கொடிய வகையில் பத்தாயிரத்தில் மூன்று பங்குதான். எல்லா மையத்திலும் இந்தச் சோதனை வேண்டாம். முதலில் பிரித்தெடுக்கத்தக்க கரிம ஹாலஜன் அளவை (குளோரின் போன்றவை ஏறிய கரிமப் பொருட்களின் மொத்த அளவு) மலிவாகப் பார்த்து, கூடியவற்றை மட்டும் மேலே அனுப்பலாம்.

களைக்கொல்லி மிச்சத்துக்கு ஆய்வகமே வேண்டாம். உரம் ஒரு பங்கு, சுத்தமான ஆற்றுமணல் இரண்டு பங்கு கலந்து மூன்று தொட்டியிலும், உரமில்லாத மண்ணில் மூன்று தொட்டியிலும் தட்டைப்பயறு விதைத்து மூன்று வாரம் பாருங்கள். புதிய இலை கிண்ணம் போலக் குவிந்தோ, நரம்பு சுருங்கி முறுக்கியோ வந்தால் அந்த உரம் காய்கறிக்கு ஆகாது. இந்தத் தொட்டி டயாக்சினைக் காட்டாது என்பதையும் பணியாளர்களிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பச்சையாக வளர்ந்த பயறே சான்றிதழாகிவிடும்.

ஆட்சியர் அவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே. குப்பை மேல் பிளீச்சிங் பவுடர் தூவுவதை இந்த மாதமே நிறுத்துங்கள். அரைவைக்கு முன் பிரிப்பு என்பதை எல்லா மையங்களுக்கும் கட்டாயமாக்கி, சாம்பல், மருந்தேறிய மரத்தூள், வெடித்தாள் மூன்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு உரமூட்டையிலும் எந்த மையம், எந்த மாதம், என்ன மூலப்பொருள் என்று தமிழில் எழுதட்டும். பிறகு சிக்கல் தெரிந்தால் எந்த விளைக்குப் போனது என்று தேட அது ஒன்றே வழி. இந்திய அளவில் ஒரு வரம்பு வரும்வரை, மாவட்டத்தில் கிலோவுக்கு 17 நானோகிராமைத் தாண்டிய உரம் உணவுப் பயிருக்கு இல்லை என்று வையுங்கள். முடிவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

முதல் மாதிரிகளை வலம்புரிவிளையில் சலித்த பொடிமண்ணிலிருந்து, தீப்பிடித்த பகுதி, பிடிக்காத பகுதி என்று தனித்தனியே, உழவர்கள் முன்னிலையில் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அதன் முடிவு வரும்வரை அந்த மண்ணில் ஒரு லாரிகூட எந்த விளைக்கும் போகவேண்டாம்.

இப்படிக்கு,
மண், உரம், கழிவு சார்ந்த தொழில்களில் உழைக்கிறவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்